முதல் பீரியடில் சிவப்பு

"காப்பி வேண்டாம்" என்றார் காளிச்சாமி.

டம்ளரை நீட்டிய லோகப்பிரியாவின் கை அப்படியே நின்றது. பொழுது சாயத் தோட்டத்திலிருந்து வந்ததும் கால் கழுவிவிட்டு, மருமகள் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மாமனார் டீவிக்கு முன்னால் உட்காருவார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இதில் மாற்றம் வந்து அவள் பார்த்ததில்லை. சமையலறை வாசலில் மாமியார் நாச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கணவன் கிருபாசங்கர் தறிப் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். செல்போனைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மணி, ஸ்கூல்ல என்னமோ கலர் படம் போட்டு வெச்சிருக்கயாமா?"

"எட்மாஸ்டர்கிட்ட காட்டினேனுங்க மாமா."

"ஐயாசாமி வாத்தியாரு போன் பண்ணாரு. 'உங்க மருமகப் பொண்ணு எங்களையெல்லாம் மாட்டி உட்ருவாங்களாட்ட இருக்குதுங்க'ன்னாரு. சிரிச்சுட்டுத்தான் சொன்னாரு. எனக்குத்தான் கேக்கச் சங்கட்டமாப் போச்சு."

"அது புள்ளைங்க எந்தப் பாடத்துல நிக்கிறாங்கன்னு காட்டற படமுங்க மாமா. வேற ஒண்ணுமில்லீங்க."

"படிப்பப் பத்தின படமா, சாதியப் பத்தின படமா?"

அந்த வார்த்தையை லோகப்பிரியா படத்தில் எங்கேயும் எழுதவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லவும் இல்லை. இந்த விஷயத்தில் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அவள் வெள்ளகோவிலுக்குத் தெற்கே, கிளுவை வேலிகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரின் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் அவள்தான். திருப்பூரில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து எல்லாம் தொடங்கியது. மதிப்பெண்ணைக் கூட்டி மொத்தம் போட்டு வைத்தால் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று தெரியாது. அதையே கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். பக்கத்தில் இருந்த ஆசிரியர்கள் மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தார்கள். லோகப்பிரியாவுக்கு மட்டும் புதுசாக ஒரு கண்ணாடி போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

ஊருக்கு வந்ததும் செய்து பார்த்தாள். ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை. பின்னம், முழுக்கள், விகிதம், இயற்கணிதம், வடிவியல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. நன்றாகத் தெரிந்தால் பச்சை, அரைகுறையாகத் தெரிந்தால் மஞ்சள், தெரியாவிட்டால் சிவப்பு. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பெயர்களைப் போட்டதும் படம் சிதறிக் கிடந்தது. அங்கே ஒரு சிவப்பு, இங்கே ஒரு பச்சை. அதில் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த வாரம்தான் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பையன்கள் ஒரே கணக்கை ஒரே மாதிரித் தப்பாகப் போட்டிருந்தார்கள். யாரைப் பார்த்து யார் எழுதுகிறார்கள் என்று கண்டுபிடிக்கலாம் என நினைத்து, பெயர்களைப் பெஞ்சு வரிசைப்படி மாற்றி அடுக்கினாள். முன்பெஞ்சு மேலே, கடைசிப் பெஞ்சு கீழே.

சிவப்பு முழுக்கக் கீழே போய்த் தேங்கிவிட்டது.

காப்பி அடிக்கிற பையன்களை அவள் அதோடு மறந்துபோனாள். கடைசிப் பெஞ்சுகளில் உட்காருகிற பிள்ளைகள் எல்லாரும் காலனிப் பிள்ளைகள். யார் உட்கார வைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவர்கள் அங்கேதான் உட்காருகிறார்கள்.

அப்போதும் அவள் மனசு பழைய தடத்திலேயே போனது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அப்பா அம்மா கூலிக்குப் போகிறார்கள், வீட்டுக்குள் பேசுகிறது தெலுங்கு, பாவம், அதுகளுக்கு ஏறுவது அவ்வளவுதான் என்று நினைத்து லேப்டாப்பை மூடப் போனாள். மூட விடாமல் பிடித்தது ஒரே ஒரு பத்தி. வடிவியல். அதில் மட்டும் கடைசிப் பெஞ்சு பச்சையாக இருந்தது. சில பேர் முன்பெஞ்சுக்காரர்களைவிட நல்ல பச்சை. லாஸ்யா என்ற பெண்ணுக்கு மற்ற எல்லாப் பத்தியும் சிவப்பு. வடிவியலில் ஒரு தப்புகூட இல்லை.

மதிப்பெண்ணை ஏற்றும்போது கை தவறிவிட்டதோ என்று விடைத்தாள்களை எடுத்துச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரே தலைக்குள் வடிவியல் ஏறுகிறது, பின்னம் ஏறாதா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், தான் எதை எப்போது நடத்தினோம் என்ற நினைப்பு வந்தது. வடிவியலை மட்டும் அறிவியல் டீச்சரோடு பீரியட் மாற்றிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடத்தினாள். மற்றதெல்லாம் முதல் பீரியட்.

முதல் பீரியடில் அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. பிரேயர் முடிந்து வகுப்பில் பேர் கூப்பிட்டதும் தலைமையாசிரியர் வராண்டாவில் நின்று, "காலனிப் புள்ளைங்கெல்லாம் இக்கட்டால வாங்க" என்று கூப்பிடுவார். பையன்கள் மைதானம் கூட்டுவார்கள், சத்துணவுக்கூடத்துத் தொட்டிக்குத் தண்ணீர் தூக்குவார்கள். பெண்கள் கக்கூஸ் கழுவப் போவார்கள். ஊராட்சியிலிருந்து வந்துகொண்டிருந்த துப்புரவுக்காரம்மா நின்றுபோய் வருஷக்கணக்காகிவிட்டது. பதிலுக்கு ஆள் போடவில்லை. அதனால் பள்ளிக்கூடம் நாறிப்போய்விடவும் இல்லை.

பேர் கூப்பிடும்போது அந்தப் பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே போனார்கள். வந்திருக்கிறார்கள் என்று தினமும் தன் கையாலேயே அவள் குறித்திருக்கிறாள். பீரியட் முடியப்போகும் நேரத்தில் பினாயில் வாடையோடு ஒவ்வொருவராக வந்து பின்னால் உட்காருவார்கள். ஒருநாள் லாஸ்யாவை எழுப்பி நிறுத்தி, "அரையும் காலும் கூட்டத் தெரியாதா? தலைக்குள்ள என்னதான் வெச்சிருக்கே?" என்று கேட்டதும், அந்தப் பெண் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி பேசாமல் நின்றதும் ஞாபகத்துக்கு வந்தன.

மறுநாள் படத்தைத் தலைமையாசிரியர் ஐயாசாமியிடம் காட்டினாள். அவர் அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். நிதானமாகப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாப் போட்டிருக்கீங்க டீச்சருங்க. அதுக்கு நான் என்ன பண்றதுங்க?"

"காலையில அந்தப் புள்ளைகள வேலைக்கு அனுப்பாம இருந்தாப் போதுமுங்க சார்."

"அப்ப யார அனுப்பறதுங்க? மத்த புள்ளைகள அனுப்பினா நாளைக்கே ஊட்டுல இருந்து வந்து டிசி குடுங்கன்னு நிப்பாங்க. இருக்கிறதே இத்தனூண்டு புள்ளைங்க. அவங்களும் வேன்ல ஏறிப் போயிட்டா ஸ்கூலையே இழுத்து மூடிப்போடுவாங்க. நாம யாரையும் அடிச்சமுங்களா, வைஞ்சமுங்களா? அந்தப் புள்ளைகளுக்கு அது பழக்கம்தானுங்களே."

"ஏழாங்கிளாஸ் புள்ளைக்கு என்னங்க சார் பழக்கம்?"

ஐயாசாமி சிரித்தார். அன்று மாலைதான் காளிச்சாமிக்குப் போன் போனது.

"வெள்ளிக்கிழமை பெத்தவங்க மீட்டிங்குக்கு ஆபீசர் வாராராமா, நீ படம் காட்டறயாமா," என்றார் காளிச்சாமி, காப்பியைத் தொடாமல். "அந்தப் படம் காட்டற மிசினும் தெரையும் நம்ம குடுத்தது. நம்ம ஊட்டு மருமகளே அதுல இந்தக் கருமத்தப் போட்டா சொந்தம் ஒறம்பரையெல்லாம் என்ன பேசும்? வாத்தியாரு சொன்னாப்பல பதிவேட்டு வரிசைப் படத்த மட்டும் காட்டு அம்மணி. அந்தப் பெஞ்சு வரிசைப் படம் வேண்டாம்."

அதட்டல் இல்லை. 'அம்மணி' என்றுதான் கூப்பிட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அறைக்குள் கிருபாசங்கர், "கவர்மெண்டு சம்பளம் வருது, வாங்கிட்டுப் பேசாம இரு. இதே ஊருல எதுக்குப் பகை? வேணும்னா காங்கயம் பக்கம் மாத்தல் வாங்கிக்கலாம்" என்றான்.

"ஏனுங்க, நம்ம பையன் கவினை அவன் ஸ்கூல்ல கக்கூஸ் கழுவச் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அவன எதுக்குச் சொல்லப்போறாங்க?" என்றான் அவன். கேள்வியே புரியாத முகம். நடிப்பில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஏழாம் வகுப்பு அறையிலேயே நடந்தது. முன்னால் போட்டிருந்த நாற்காலிகளில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் மிச்சம் இருந்தும் காலனிக்காரர்கள் பின்சுவரை ஒட்டிக் கீழே உட்கார்ந்தார்கள். வட்டார அலுவலகத்திலிருந்து மனோஜ்குமார் என்ற இளம் அதிகாரி வந்திருந்தார். திரைக்கு மேலே, 'அன்பளிப்பு: தோட்டத்துக் காளிச்சாமி' என்று சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே காளிச்சாமி உட்கார்ந்திருந்தார்.

கொங்குச் சீமையில் ஆட்டுக்குட்டியைக்கூட மரியாதையோடு விரட்டுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று அன்று அந்த அறையில் 'ங்க' நிறைந்து வழிந்தது. கதவருகே நின்ற, தலை நரைத்த காலனிக் கிழவர் ஒருவரைப் பார்த்துத்தான் யாரோ, "டே, அக்கட்டால தள்ளி உக்கார்றா" என்றார்கள். அவரும் தள்ளி உட்கார்ந்தார்.

லோகப்பிரியா முதல் படத்தைப் போட்டாள். பதிவேட்டு வரிசைப் படம். மனோஜ்குமார் நிமிர்ந்து உட்கார்ந்து, "சூப்பர் மேடம், மாவட்டத்துக்கே அனுப்பலாம்" என்றார். தலைமையாசிரியர் கைதட்டத் தயாரானார். அவள் காளிச்சாமியின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த படத்துக்குப் போனாள்.

திரையின் அடிப்பாகம் சிவந்தது. விளக்கம் எதுவும் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. பார்த்தாலே தெரிந்துவிடும், யாராவது ஒருவர் வாய்திறந்து ஏன் என்று கேட்பார்கள் என நம்பியிருந்தாள்.

பின்சுவரோரம் இருந்து ஒரு குரல் வந்தது. "ஏனுங்க டீச்சர், அதுல எம்பொண்ணு எதுங்க?"

லாஸ்யாவின் அம்மா மாரியாத்தாள். காளிச்சாமியின் தோட்டத்தில் வேலை செய்கிறவள். காலையில் மாடு கட்டும் கட்டுத்தரையைக் கூட்டி, பகலில் களை வெட்டி, பொழுது சாய வீடு திரும்புவாள். மகள் பிறந்தபோது டீவியில் கேட்ட பெயரை ஆசையாக வைத்தாள். "பேரப் பாரு, லாஸ்யாவாமா" என்று ஊருக்குள் ரொம்ப நாள் சிரித்தார்கள்.

லோகப்பிரியா கடைசி வரிசையைக் காட்டினாள்.

"செவப்புன்னா நல்லதுங்களா?"

"இல்லீங்க. இன்னும் தெரியலைன்னு அர்த்தமுங்க."

மாரியாத்தாள் எழுந்து நின்று திரையைப் பார்த்தாள். ஊர்க்காரர்கள் எல்லாரும் திரும்பித் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தாள். ஜன்னலோரம் நின்றிருந்த மகளிடம் போய் ஓங்கி ஓர் அறை விட்டாள். "நீ படிக்கோணும்னுதானே நான் வெயில்ல வேகறேன்? ஊரு முன்னால தல குனிய வெச்சிட்டயே" என்று இன்னொரு அறைக்குக் கை ஓங்கினாள். லாஸ்யா தடுக்கவில்லை. அழவுமில்லை.

"அடிக்காதீங்க!" என்ற தன் குரல் லோகப்பிரியாவுக்கே அந்நியமாகக் கேட்டது. "தப்பு அவ மேல இல்லீங்க. நான் பின்னம் நடத்தறப்ப அவ கிளாஸ்லயே இல்லீங்க. கக்கூஸ் கழுவிட்டிருந்தா. இந்தச் செவப்பு எல்லாமே அதுதானுங்க. மத்தியானம் நடத்தின பாடத்தப் பாருங்க, அவதான் மொதல்ல நிக்கிறா. வந்திருக்கான்னு குறிச்சு, வெளிய போக உட்டது நானுங்க."

மாரியாத்தாள் ஓங்கிய கையை இறக்கி, மகளிடம் தெலுங்கில் ஏதோ கேட்டாள். லாஸ்யா தலையை ஆட்டினாள். இத்தனை வருஷமாக அவள் வீட்டில் சொல்லவே இல்லை. அம்மா மெதுவாகத் திரும்பிக் காளிச்சாமி இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு சுவரோரம் போய், இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"புள்ளைங்க ஆர்வமாச் செய்யறாங்க சார், ஒரு சேவை மனப்பான்மைதான்" என்றார் ஐயாசாமி அதிகாரியிடம். மனோஜ்குமார் செல்போனை எடுத்து, வராத ஒரு செய்தியைப் படித்தார்.

காளிச்சாமி தொண்டையைச் செருமினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. காலையில உட்டதப் பொழுதோட படிச்சுக்கட்டும். அந்தப் புள்ளைகளுக்குன்னு சாயங்காலம் ஒரு டியூசன் வெச்சுப்போடலாம். ஆகற செலவு என்னோடது."

அறையே பெருமூச்சு விட்டது. கைதட்டல் எழுந்தது. மனோஜ்குமார், 'மெல்லக் கற்போருக்கு மாலை நேரச் சிறப்பு வகுப்பு' என்று எழுதிக்கொண்டு எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். காலை வேலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பின்சுவரோரம் இருந்தவர்களும் கைதட்டினார்கள், கொஞ்சம் தாமதமாக.

திங்கட்கிழமை பிரேயர் முடிந்து, வகுப்பில் பேர் கூப்பிட்டாயிற்று. "காலனிப் புள்ளைங்கெல்லாம் இக்கட்டால வாங்க" என்ற குரல் வழக்கம்போல் வந்தது. பிள்ளைகள் கடைசிப் பெஞ்சுகளிலிருந்து எழுந்து போனார்கள்.

லோகப்பிரியா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள். லாஸ்யாவின் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினாள். "போர்டுல கணக்கு எழுதி வெச்சிருக்கேன். எல்லாரும் கிளாசுக்குப் போங்க" என்றாள்.

"டீச்சர், வேண்டாமுங்க" என்றாள் லாஸ்யா. "ஆசிட்டுங்க. கையெல்லாம் பொத்துப்போயிருமுங்க." சொல்லிவிட்டுத் தன் கையைப் பின்னால் மறைத்தாள். லோகப்பிரியா அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன. தினமும் நோட்டுத் திருத்திக் கொடுக்கிற கைதான். ஒருநாளும் பார்த்ததில்லை.

உள்ளே குழாயில் தண்ணீர் இல்லை. வெளியே தொட்டியிலிருந்து வாளியில்தான் தூக்க வேண்டும். நாற்றம் கண்ணில் அடித்தது. முதல் அறையைக் கழுவியதும் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். ஆசிரியர்களுக்கென்று பூட்டி வைத்திருந்த கக்கூஸையும் கழுவினாள். அது எப்போதும் சுத்தமாக இருக்கிறதே, யார் கழுவுகிறார்கள் என்று இத்தனை நாளும் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"டீச்சருங்க, என்னங்க இது, வெளிய வாங்க" என்று ஐயாசாமி மைதானத்தில் நின்றபடி கெஞ்சினார். கிட்டே வரவில்லை.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அவள் வீட்டுக்கு வரும்போது நாச்சியம்மாள் வாசலிலேயே மறித்தாள். பின்பக்கத்துப் பொறவாசல் வழியாகப் போகச் சொன்னாள். துணி துவைக்கும் கல்லருகே ஒரு வாளித் தண்ணீரும் மஞ்சளும் வைத்திருந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தபோது, மாட்டுச்சாலைத் திண்டின் மேல் ஒரு சாப்பாட்டு வட்டலும் டம்ளரும் தனியாக இருந்தன. அரிசிம்பருப்புச் சாதத்தை மாமியார் உயரத்திலிருந்து போட்டாள்.

"சாமி ரூம்புல வெளக்கேத்தற கையடி அது. அதப் போயி..." என்று நாச்சியம்மாள் அழுதாள். அவள் கெட்டவள் இல்லை. உண்மையாகவே அழுதாள்.

பள்ளி வேனில் வந்து இறங்கிய கவின், "ஏம்மா வெளிய உக்காந்து சாப்படறீங்க?" என்று கேட்டான். கிருபாசங்கர் அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனான்.

அவள் மறுநாளும் கழுவினாள். அதற்கடுத்த நாளும் கழுவினாள். அந்த நாட்களில் சாயங்காலமானால் ஒறம்பரைக்காரர்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் காளிச்சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார்கள். "மனசத் தளர உடாதீங்க மாமா" என்றார்கள். வீட்டில் யாரோ செத்துப்போய்த் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். மாட்டுச்சாலையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த லோகப்பிரியாவுக்கு எல்லாம் கேட்டது. அந்தக் கக்கூஸை எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ வருஷம் கழுவியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு ஒருவரும் துக்கம் விசாரிக்கப் போனதில்லை.

வாரக் கடைசியில் பிரேயரில் ஐயாசாமி ஒலிபெருக்கியைப் பிடித்தார். பள்ளிக்கூடத்துக்கென்று நிரந்தரமாக ஒரு துப்புரவு ஆள் போட்டாகிவிட்டது, சம்பளம் முழுக்கத் தோட்டத்துக்காரர் கொடுக்கிறார், இனி எந்தப் பிள்ளையும் சீமாறு தொட வேண்டாம் என்றார். பெரிய கைதட்டல். மாணவர் நலனில் அவருக்கு இருக்கிற அக்கறையைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் லோகப்பிரியா நினைத்தாள். அன்று ராத்திரி அவளுக்கு வீட்டுக்குள் சோறு போட்டார்கள். காளிச்சாமி, "இனி நம்ம ஊட்டு மானத்தக் காப்பாத்து அம்மணி" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்து வாசலில் வாளியும் சீமாறுமாக நின்றவள் மாரியாத்தாள்.

லோகப்பிரியா அவள் கையிலிருந்த வாளியைப் பார்த்தாள். "நீங்களா? தோட்டத்து வேல?"

"தோட்டத்துச் சாமி அங்க வர வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க. ஸ்கூலப் பாத்துக்கோன்னாரு."

"உங்களக் கேட்டாங்களா?"

"கேக்கறதுங்களா?"

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேங்க."

"யாருகிட்டங்க டீச்சர் சொல்றது?" என்று கேட்டாள் மாரியாத்தாள். கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரிக் கேட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டாள். "போவுதுங்க. எம்பொண்ணு கிளாஸ்ல உக்காருவாளுங்கல்ல. நல்லாச் சொல்லிக்குடுங்க." முழங்காலைப் பிடித்தபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து போனாள்.

முதல் பீரியட் மணி அடித்தது. ஏழாம் வகுப்பில் எல்லாப் பெஞ்சிலும் ஆள் இருந்தது. அந்த நேரத்தில் அந்த வகுப்பை அவள் அப்படி நிறைந்து பார்த்ததே இல்லை. பேர் கூப்பிட்டாள். உள்ளேன் டீச்சர் என்றவர்கள் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். பின்னத்தை முதலிலிருந்து தொடங்கலாம் என்று கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து அதை இரண்டாகப் பிரித்தாள்.

கக்கூஸ் அந்த வகுப்பு ஜன்னலுக்கு நேர் பின்னால்தான் இருந்தது. வாளியைத் தரையில் இழுக்கிற சத்தம் வந்தது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம், பிறகு தேய்க்கிற சத்தம். முன்பெஞ்சில் ஒரு பையன் திரும்பி லாஸ்யாவைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் காதில் ஏதோ சொன்னான். சிரிப்பு ஒன்று எழுந்து அடங்கியது.

லாஸ்யா எழுந்து நின்றாள்.

"டீச்சர், நான் போயிட்டு வரட்டுங்களா?"

"எங்க கண்ணு?"

"அம்மாளுக்கு முட்டி வலிங்க. தொட்டியில இருந்து தண்ணி தூக்க முடியாதுங்க. தூக்கி மட்டும் வெச்சிட்டு ஓடியாந்தர்றனுங்க."

இத்தனை நாளும் யாரோ கூப்பிட்டுத்தான் அவள் போனாள். இன்று அவளாகவே கேட்கிறாள். போ என்றாலும் தப்பு, போகாதே என்றாலும் தப்பு. வெளியே மாரியாத்தாள் மூச்சு வாங்குவது ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"நீ உக்காரு கண்ணு" என்றாள் லோகப்பிரியா.

முன்பெஞ்சுகளின் பக்கம் திரும்பினாள்.

"லாஸ்யாவோட அம்மாளுக்கு வெளிய தண்ணி தூக்கிக் குடுக்கோணும். உங்கள்ல யாரு போறீங்க?"

சிரித்தவன் புத்தகத்தை விரித்துக்கொண்டான். ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. எப்போதும் எதற்கும் முதலில் கை தூக்குகிற பெண் கூடப் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கடைசிப் பெஞ்சில் காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

"நீங்க இல்ல. உக்காருங்க."

அவள் சாக்பீஸை மேஜை மேல் வைத்தாள். வெளியே தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை. வராண்டாவில் ஐயாசாமி வந்து எட்டிப் பார்த்து, "பாடம் நடக்கலீங்களா டீச்சருங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றாள் லோகப்பிரியா. "யாராச்சு ஒருத்தரு எந்திரிக்கட்டுமுங்க. அப்புறம் நடத்தறேன்."

கையைக் கட்டிக்கொண்டு, முன்பெஞ்சைப் பார்த்தபடி நின்றாள்.